வீட்டுக் குழுவில் ஆஸ்டோரியா (அமெரிக்காவின் ஓரிகன் மாநில ஊர்) பயணம்

கார்த்தி: சனிக்கிழமை அப்பா அம்மாவை ஆஸ்டோரியா கூட்டிப் போகிறேன். அப்பா சால்மன் பிடிக்க வாடகைப் படகில் கடலுக்குப் போகணும் என்கிறார். நாளைக்குள் முன்பணம் கட்டணும்.

செல்வி அத்தை: கடலா?? வேண்டாம்

அம்மா: நீயே சொல்லு செல்வி. நான் சொன்னால் எடுபடாது

பெரியப்பா: கார்த்தி, கட்டாதே. அது கொலம்பியா ஆற்று முகத்துவாரம். ஆறு வெளியே தள்ளும், பசிபிக் அலை எதிரே வரும், நடுவில் மணல்திட்டு. நீர் வற்றும் நேரத்தில் அலை செங்குத்தாக எழுந்து உடையும். 1792இலிருந்து ஏறக்குறைய 2000 கலங்கள் அங்கே அழிந்து போயிருக்கின்றன. 1961 ஜனவரியில் மெர்மெய்ட் என்ற நண்டுப் படகைக் காப்பாற்றப் போன கடலோரக் காவல்படையின் 52 அடி டிரையம்ப் படகே கவிழ்ந்தது. 6 பேரில் 5 பேர் இறந்தார்கள். காப்பாற்றப் போனவர்கள்!

அப்பா: அது 1961 அண்ணே

திவ்யா: கடல் மோசமானால் காவல்படையே முகத்துவாரத்தை மூடிவிடும் மாமா. நம் படகை விடமாட்டார்கள்

அப்பா: மணப்பாட்டில் நான் போகாத கடலா

செல்வி அத்தை: என் நிச்சயதார்த்தத்தன்று போன கடல்தானே. மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்த பிறகு மீன் வாடையோடு வந்து நின்றாயே

முருகன் சித்தப்பா: அந்த வள்ளத்து எஞ்சின் விற்ற பணம்?

அப்பா: ஏல முருகா, இங்கே வேண்டாம்

பெரியம்மா: மக்ரூன் டப்பா பிரித்தாச்சா?

அம்மா: பாதி தூள் அக்கா. திவ்யா கரண்டி போட்டுச் சாப்பிடுகிறாள்

கார்த்தி: ஆற்றங்கரையிலேயே கடல்சார் மியூசியம் இருக்கிறது. காவல்படையின் 44300 என்ற உயிர்காப்புப் படகை, அலைமேல் ஏறுவதுபோல் சாய்த்து வைத்திருக்கிறார்கள். மாடல் இல்லை, ஓடிய படகு. அது போதாதா அப்பா?

பெரியப்பா: 44 அடிப் படகுகளில் அதுதான் முதல் படகு. கவிழ்ந்தாலும் தானே நிமிரும். அப்புறம் வந்த 47 அடிப் படகு 30 அடி அலையைத் தாங்கும், கவிழ்ந்தால் அரை நிமிடத்துக்குள் நிமிர்ந்துவிடும். அதை ஓட்டப் பழக்கும் பள்ளியே அக்கரையில், கேப் டிசப்பாயின்ட்மென்ட்டில் இருக்கிறது. பழக அதைவிட முரட்டுக் கடல் வேண்டுமா?

செல்வி அத்தை: நிமிரும்போது உள்ளே இருக்கிறவர்?

பெரியப்பா: பெல்ட் போட்டிருப்பார்கள்

அம்மா: இவர் காரிலேயே போடமாட்டார்

முருகன் சித்தப்பா: ஹாஹா

அப்பா: சரி. காலையில் மியூசியம், மதியம் படகு

பெரியப்பா: சனிக்கிழமை நீர் வற்றும் நேரம் பார்த்து அனுப்புகிறேன். அதுவரை ஒன்றும் முடிவு செய்யாதீர்கள்

முருகன் சித்தப்பா: எஞ்சின் பணம்?

அம்மா: கார்த்தி, முன்பணம் கட்டிவிட்டாயா?

கார்த்தி: திவ்யாவைக் கேளுங்கள்