வீட்டுக்குப் பிரிண்டர்: இங்க் டேங்கா, லேசரா, தெருமுனைக் கடையா?

வைகைக்கரை:
மதுரையில் இருக்கிறோம். மகள் ஒன்பதாம் வகுப்பு, மகன் ஐந்தாம் வகுப்பு. மனைவி தனியார் பள்ளியில் ஆசிரியை. மாதம் ஏறத்தாழ 100 பக்கங்கள் அச்சிட வேண்டியிருக்கிறது. அவற்றில் பதினைந்து பக்கங்கள் பிள்ளைகளின் பிராஜெக்ட்டுக்கான வண்ணப் படங்கள், மற்றவை வினாத்தாள்களும் பயிற்சித் தாள்களும். கோடை விடுமுறையில் இரண்டு மாதங்கள் ஊருக்குப் போய்விடுவதால் பிரிண்டரைத் தொட மாட்டோம். இப்போது இருப்பது பழைய கார்ட்ரிட்ஜ் வகை. 120 பக்கங்களுக்கு ஒரு கார்ட்ரிட்ஜ் என்று வாங்கி வாங்கி, சுண்டைக்காய் கால்பணம் சுமைகூலி முக்கால்பணம் என்ற நிலைக்கு வந்துவிட்டோம். 15,000 ரூபாய்க்குள், ஐந்தாண்டுகளாவது உழைக்கக்கூடிய ஒன்றைச் சொல்லுங்கள். ஸ்கேனர் இருந்தால் நல்லது.

மைக்கூடு:
நீங்கள் சொல்லும் தேவைக்கு புட்டியிலிருந்து மையை ஊற்றி நிரப்பும் இங்க் டேங்க் பிரிண்டரைத் தவிர வேறெதையும் யோசிக்க வேண்டியதில்லை. எப்சன் நிறுவனம் 2010-இல் இந்தோனேசியாவில் முதன்முதலாக இந்த வகையை விற்பனைக்குக் கொண்டுவந்ததற்கே காரணம், அங்குள்ளவர்கள் கார்ட்ரிட்ஜைக் கழற்றிவிட்டு வெளியே மைப்புட்டிகளையும் குழாய்களையும் தாங்களாகவே பொருத்திக்கொண்டதுதான். நம்மைப் போலக் கணக்குப் பார்ப்பவர்களுக்காகவே உருவான இயந்திரம் என்று அதைச் சொல்லலாம். எப்சனின் 003 வகைக் கருப்பு மைப்புட்டி 65 மில்லி கொண்டது. 4,500 பக்கங்கள் வரும் என்று நிறுவனம் சொல்கிறது. புட்டியின் விலை சுமார் 450 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு பக்கத்துக்கு மைச் செலவு பத்துப் பைசா. வண்ணமும் ஸ்கேனரும் அதே இயந்திரத்தில் கிடைத்துவிடும். உங்கள் 15,000 ரூபாய்க்கு லேசரில் வண்ணம் கிடைக்காது. ஸ்கேனரோடு கூடிய கருப்பு லேசர்கூடப் பெரும்பாலும் அந்த வரம்பைத் தாண்டிவிடும்.

கருவெள்ளை:
பத்துப் பைசாக் கணக்கு காகிதத்தில் அழகாகத்தான் இருக்கிறது. கேள்வி கேட்டவர் எழுதியதில் முக்கியமான வரி வேறு: இரண்டு மாதங்கள் பிரிண்டரைத் தொட மாட்டோம் என்கிறார். மையைத் தாளில் தெளிக்கும் இங்க்ஜெட் ஹெட்டில் இருக்கும் துளைகள் தலைமுடியைவிட நுண்ணியவை. மதுரையின் மே மாத வெயிலில் பூட்டிய வீட்டுக்குள் அவற்றில் மை காய்ந்துபோகும். ஜூனில் திரும்பி வந்து, துளைகளைச் சோதிக்கும் நாசில் செக் பக்கம் எடுத்தால், படிப்படியாக வர வேண்டிய கோடுகளில் நடுநடுவே பல் விழுந்தாற்போல இடைவெளி இருக்கும். உடனே ஹெட் கிளீனிங் கொடுப்பார்கள். ஒவ்வொரு கிளீனிங்கும் டேங்க்கிலிருந்து மையை உறிஞ்சி, உள்ளே இருக்கும் கழிவு மைப் பஞ்சில் கொட்டுகிறது. அந்தப் பஞ்சு நிரம்பிவிட்டதாக இயந்திரத்தின் எண்ணிக்கை காட்டினால் பிரிண்டர் வேலையை நிறுத்திவிட்டு உங்களைச் சர்வீஸ் சென்டருக்கு அனுப்பும். 4,500 பக்கக் கணக்கில் இந்த மை வருகிறதா என்று மைக்கூடு அவர்கள் சொல்லட்டும்.

லேசரில் இருப்பது டோனர் என்னும் பொடி. அது காய்வதற்கு ஈரமே இல்லை. ஆறு மாதம் கழித்துச் சுவிட்சைப் போட்டாலும் முதல் பக்கம் கறுப்பாகத்தான் வரும். அந்தப் பொடியை ஃப்யூசர் உருளை 200 டிகிரியை ஒட்டிய சூட்டில் தாளோடு உருக்கி ஒட்டிவிடுவதால், வினாத்தாளின் மேல் தண்ணீர் சிந்தினாலும் எழுத்து ஊறாது. பிரதர் எச்எல்-எல்2321டி போன்ற ஒரு கருப்பு லேசர் இருபுறமும் தானாகவே அச்சிடும். அதன் டோனர் 2,600 பக்கங்களுக்கு வரும், பொடியைத் தாளுக்கு மாற்றும் டிரம் உருளை 12,000 பக்கங்களுக்கு வரும். ஐந்தாண்டு போதும் என்கிறீர்கள், அது பத்தாண்டு உழைக்கும்.

மைக்கூடு:
ஹெட் அடைத்துக்கொள்வது உண்மைதான், ஆனால் அது விதி போல எல்லா வீட்டிலும் நடப்பதாகச் சொல்வது மிகை. பாதிப் பேர் வீட்டில் அடைப்பு வருவதற்குக் காரணம், பிரிண்டரில் உள்ள பவர் பட்டனை விட்டுவிட்டுச் சுவரில் உள்ள சுவிட்சை அணைப்பதுதான். பட்டனை அழுத்தினால் ஹெட் ஓரமாகப் போய் ரப்பர் மூடிக்குள் உட்கார்ந்துகொள்ளும், அதன் பிறகுதான் விளக்கு அணையும். சுவர் சுவிட்சை அணைத்தால் ஹெட் நடுவழியில் நின்று காற்றில் காயும். வாரம் ஒருமுறை நான்கு வண்ணங்களும் வரும்படி ஒரு பக்கம் எடுத்தால் போதும்.

அடுத்து, எல்லா இங்க் டேங்க்கும் ஒன்றல்ல. எப்சனில் ஹெட் இயந்திரத்தோடு சேர்ந்தது. மின்சாரம் பட்டால் வளையும் படிகங்கள் மைத்துளியைத் தள்ளுகின்றன, நீண்ட காலம் உழைக்கும், ஆனால் பழுதானால் செலவு அதிகம். கேனானும் எச்பியும் மையைச் சூடாக்கிக் குமிழி உண்டாக்கித் தள்ளும் முறையைப் பின்பற்றுகின்றன. கேனான் ஜி2020, ஜி3020 போன்றவற்றில் ஹெட்டை நாமே கழற்றி மாற்றலாம். கழிவு மையைத் தாங்கும் பெட்டியையும் நாமே வாங்கிப் பொருத்தலாம். கருவெள்ளை அவர்கள் பயமுறுத்திய இரண்டு செலவுக்கும் சர்வீஸ் சென்டர் வாசலை மிதிக்க வேண்டியதில்லை. அந்த வரிசையில் கருப்பு மை, கரையாத நுண்துகள்கள் கொண்ட நிறமி வகையைச் சேர்ந்தது என்பதால் தண்ணீரில் எளிதில் கரைவதும் இல்லை.

முக்குக்கடை:
நான் ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் பேச்சை அதற்கேற்பக் கழித்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்குப் பத்து மாதம், மாதம் 100 பக்கம் என்றால் 1,000 பக்கங்கள். எங்கள் பக்கத்தில் கருப்புப் பிரிண்ட் 3 ரூபாய், வண்ணம் 10 ரூபாய். 850 கருப்புக்கு 2,550, 150 வண்ணத்துக்கு 1,500, ஆக 4,050. ஐந்தாண்டுக்கு 20,250 ரூபாய். தாள் எங்களுடையது, பழுதும் எங்களுடையது.

இங்க் டேங்க் வாங்கினால் இயந்திரம் 14,500, ஐந்தாண்டு மைக்கு 1,500, பத்து ரீம் (ரீமுக்கு 500) தாளுக்கு 3,000 என்று 19,000 ஆகிறது. ஐந்தாண்டுகளில் மிச்சம் 1,250 ரூபாய். ஒரே ஒரு முறை சர்வீசுக்குத் தூக்கிப் போனால் அந்த மிச்சமும் போய்விடும். இன்னொன்று: 4,500 பக்கம் என்று நிறுவனங்கள் போடும் எண்ணிக்கை ஐஎஸ்ஓ என்னும் பன்னாட்டுத் தர அமைப்பு தரப்படுத்திய சோதனைப் பக்கங்களை வைத்துச் சொல்லப்படுவது, அந்தப் பக்கங்களில் ஒவ்வொரு மையும் தாளின் 5 சதவீதத்தை ஒட்டித்தான் பரவியிருக்கும். முழுப்பக்க மயில் படம் எடுத்தால் அந்தக் கணக்கெல்லாம் பறந்துவிடும். மேலும் முதல் தடவை ஊற்றும் மையில் ஒரு பகுதி குழாய்களை நிரப்பவே போகும் என்பதை எவரும் வாங்கும்போது சொல்வதில்லை.

செண்பகம்:
முக்குக்கடை ஐயா பணத்தை மட்டும் எண்ணிவிட்டார். நானும் ஆசிரியைதான். தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு வினாத்தாளை வாட்ஸ்அப்பில் கடைக்கு அனுப்பி, என் மாணவர்களில் மூவர் வரிசையில் நிற்கும் இடத்தில் போய் வாங்கிக்கொண்டு வர என்னால் முடியாது. அந்தக் கோப்பு கடைக் கணினியின் டவுன்லோட்ஸ் பகுதியில் எத்தனை நாள் கிடக்கும் என்பதும் தெரியாது. ஆதார், வருமானச் சான்று, வங்கிப் பாஸ்புக் எல்லாவற்றுக்கும் இதே நிலைதான். பொதுக் கணினியில் இ-ஆதாரை இறக்குவதைத் தவிர்க்குமாறும், அப்படி இறக்கினால் கோப்பை நிரந்தரமாக அழித்துவிடுமாறும் ஆதார் ஆணையமே அறிவுறுத்தியிருக்கிறது. இரவு பத்து மணிக்கு மகன் வந்து “நாளைக்குக் காலையில் சார்ட் ஒட்ட வேண்டும்” என்று நிற்கும்போது கடை திறந்திருக்குமா என்பது வேறு.

முக்குக்கடை:
வினாத்தாள் விஷயத்தில் சகோதரி சொல்வதை மறுக்கவில்லை. எங்கள் கடையில் வேலை முடிந்ததும் கோப்பை அழித்துவிடுகிறோம். எல்லாக் கடைகளுக்கும் அதற்கு நான் உத்தரவாதம் தர முடியாது. கருப்பு லேசரை வீட்டில் வைத்துக்கொண்டு வண்ணத்தை மட்டும் எங்களிடம் விட்டுவிடுங்கள் என்பதே என் கருத்து. மயில் படத்தில் ரகசியம் எதுவும் இல்லை.

மைக்கூடு:
அந்தக் கலப்புத் திட்டத்தையும் கூட்டிப் பார்த்துவிடுவோம். இருபுறமும் அச்சிடும் லேசர் 13,000 ரூபாய். ஐந்தாண்டில் 4,250 கருப்புப் பக்கங்கள். பெட்டியோடு வரும் டோனர் பல மாடல்களில் குறைவாக நிரப்பியே தரப்படுகிறது என்பதால், அதற்கு மேல் அசல் டோனர் இரண்டு தேவைப்படலாம், ஒன்று ஏறத்தாழ 3,000 ரூபாய். தாளுக்கு 2,550, கடையில் வண்ணத்துக்கு 7,500. மொத்தம் 29,050. ஸ்கேனரும் இல்லை. இதற்குப் பெயர் சிக்கனமா?

ரீஃபில்காரர்:
நான் பிரிண்டர் சர்வீஸ் செய்பவன். அசல் டோனர் விலையைப் போட்டு லேசரை வீழ்த்துவது நம் ஊர் நடப்புக்குப் பொருந்தாது. 2000-களின் நடுவில் வந்த எச்பி லேசர்ஜெட் 1020, கேனான் எல்பிபி2900 இரண்டும் இன்றைக்கும் வக்கீல் அலுவலகங்களிலும் பத்திர எழுத்தர் மேசைகளிலும் ஓடுவதற்குக் காரணம், அவற்றின் கார்ட்ரிட்ஜைச் சென்னையின் மின்னணுப் பொருள் சந்தையான ரிச்சி தெருவிலிருந்து சிறு ஊர்வரைக்கும் யாரும் நிரப்பித் தந்துவிடுவதுதான். எங்கள் பக்கம் ஒரு ரீஃபிலுக்கு 300 ரூபாய் அளவில் வாங்குகிறோம்.

ஆனால் ரீஃபிலுக்கும் ஓர் எல்லை உண்டு. அவற்றில் டிரம்மும் கார்ட்ரிட்ஜுக்குள்ளேயே இருக்கிறது. நான்கைந்து முறை நிரப்பிய பிறகு தாளின் மேலிருந்து கீழ்வரை ஒரு கருங்கோடோ, வெள்ளைப் பகுதியெங்கும் சாம்பல் படலமோ வந்தால் பொடியைக் குறை சொல்லாமல் டிரம்மையும் அதைத் துடைக்கும் பிளேடையும் மாற்ற வேண்டும். அதைச் செய்யாமல் பொடியை மட்டும் கொட்டித் தருபவர்களே லேசருக்குக் கெட்ட பெயர் வாங்கித் தருகிறார்கள்.

கருவெள்ளை அவர்கள் சொல்லாமல் விட்டது ஒன்று. லேசரை யுபிஎஸ்ஸிலும் சிறிய இன்வெர்ட்டரிலும் கொடுக்கக் கூடாது. ஃப்யூசர் சூடாகும் நேரத்தில் திடீரென்று அதிக மின்சாரம் இழுக்கும். அறையின் விளக்கு ஒரு நொடி மங்குவதைப் பார்த்திருப்பீர்கள். இங்க் டேங்க் சில வாட்டுகளிலேயே ஓடுவதால் மின்வெட்டு நேரத்திலும் கை கொடுக்கும். ஐப்பசி மழைக்காலத்தில் இரண்டுக்கும் பொதுவான தொல்லை தாள் சிக்குவது; பிரித்த ரீமைப் பிளாஸ்டிக் உறையிலேயே சுற்றி வைத்தால் பாதி குறையும்.

கருவெள்ளை:
மின்வெட்டில் வினாத்தாள் எடுக்கும் அவசரம் ஆண்டுக்கு எத்தனை முறை வரும்? இரண்டு மாத விடுமுறை ஆண்டுதோறும் தவறாமல் வரும். ரீஃபில்காரர் கணக்குப்படி நிரப்பிக்கொண்டால் மைக்கூடு அவர்கள் போட்ட 6,000 ரூபாய் ஆயிரத்துக்குள் அடங்கிவிடும், மொத்தம் 24,000-க்கு வந்துவிடும். வித்தியாசம் ஆண்டுக்கு 1,000 ரூபாய். அந்த ஆயிரத்தை, ஜூன் மாதம் திரும்பி வந்ததும் நிம்மதியாக அச்சிடுவதற்குக் கொடுக்கும் விலையாகவே நான் பார்க்கிறேன். ஸ்கேனுக்குக் கைபேசிச் செயலி போதும். அரசுத் தளங்கள் கேட்கும் கோப்பு அளவுக்குச் சுருக்குவதற்கும் அதுவே வசதி.

வைகைக்கரை:
அனைவருக்கும் நன்றி. இந்த இழையை வீட்டில் படித்துக் காட்டினேன். செண்பகம் அம்மா சொன்ன காரணத்துக்காகக் கடையை முழுமையாக நம்புவது இல்லை என்று முடிவாகிவிட்டது. பிள்ளைகள் வண்ணத்தை விட மாட்டார்கள் என்பதால் ஹெட்டையும் கழிவுப் பெட்டியையும் நாமே மாற்றக்கூடிய இங்க் டேங்க் பக்கம்தான் சாய்கிறோம். மாடியில் குடியிருப்பவரிடம் சாவி கொடுத்துவிட்டுப் போவோம். விடுமுறையில் அவரை என்ன செய்யச் சொல்ல வேண்டும்?

மைக்கூடு:
பத்து நாளைக்கு ஒருமுறை பட்டனை அழுத்தி ஆன் செய்து, ஒரு நாசில் செக் எடுத்துவிட்டு, அதே பட்டனால் அணைக்கச் சொல்லுங்கள். கோடுகள் விட்டு விட்டு வந்தால் ஒருமுறை மட்டும் சாதாரணக் கிளீனிங். அடுத்தடுத்துக் கொடுக்க வேண்டாம், சில மணி நேரம் விட்டுப் பார்க்கட்டும். ஜன்னலோரத்தில் வைக்காதீர்கள். டேங்க் நிறைந்த இயந்திரத்தைச் சாய்த்துத் தூக்க வேண்டாம். பில்லைப் பத்திரமாக வையுங்கள். வாரண்டி ஓராண்டா, அல்லது குறிப்பிட்ட பக்க எண்ணிக்கை முன்னால் வந்தால் அதோடு முடிகிறதா என்பதை வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

ரீஃபில்காரர்:
வைஃபை மாடல் வாங்கினால் ஒன்று கவனியுங்கள். இந்த விலையில் வரும் பல பிரிண்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசையில் மட்டுமே இணையும். ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸும் 2.4 கிகாஹெர்ட்ஸும் ஒரே பெயரில் இருந்தால் முதல் இணைப்பின்போது தனித்தனியாகப் பிரித்துவிடுங்கள். எனக்கு வரும் “பிரிண்டர் வேலை செய்யவில்லை” அழைப்புகளில் பல இதில்தான் முடிகின்றன.

கருவெள்ளை:
வாழ்த்துகள். மாடிக்காரரும் மே மாதம் ஊருக்குப் போகிறாரா என்பதை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். ஜூனில் எடுக்கும் நாசில் செக் தாளைப் படம் பிடித்து இந்த இழையிலேயே போடுங்கள். மிச்ச வாதத்தை அதை வைத்துப் பேசிக்கொள்வோம்.