ஜனவரிக் குளிரில் எம்பயர் ஸ்டேட் 86-ஆவது மாடி: வயதானவர்களைக் கூட்டிப்போகலாமா?

கொங்குத்தம்பி:
ஜனவரி இரண்டாவது வாரம் அப்பா, அம்மா, இரண்டு வயசுக் குழந்தையோட நியூயார்க் வர்றோம். அப்பாவுக்கு 68, ஸ்டென்ட் வெச்சிருக்கு. அம்மா புடவையைத் தவிர வேறெதுவும் கட்டமாட்டாங்க. எம்பயர் ஸ்டேட் மேல, வெளியில நின்னு பார்க்கணும்கிறது அவங்க ஆசை. எவ்வளவு குளிரும்? எந்த நேரத்துக்கு டிக்கெட் எடுக்கிறது? மேலே போனப்புறம் வெறும் மேகம்தான் தெரியுதுன்னா பணம் வீண். அதை முன்னாடியே கண்டுபிடிக்க வழி இருக்கா?

குயின்ஸ்வாசி:
தாராளமா போகலாம். ஆனா தெர்மாமீட்டரைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க, காற்றைப் பாருங்க. ஜனவரியில நியூயார்க் பகல் உச்சம் சராசரியா 4 டிகிரி, இரவு -2. 86-ஆவது மாடி 320 மீட்டர் உயரம். அந்த உயரத்துக்கு வெப்பம் இரண்டு, மூணு டிகிரிதான் குறையும். ஆளைப் படுத்துறது காற்று. தெருவில -3 டிகிரி, காற்று மணிக்கு 15 கிலோமீட்டர்னா உடம்புக்கு -8 மாதிரி இருக்கும். மேலே -5, காற்று 40 ஆச்சுன்னா அது -14. போன்ல காட்டுற ‘ஃபீல்ஸ் லைக்’ தெருமட்டக் கணக்கு, அதை நம்பி மேலே போகக் கூடாது.

நல்ல சேதி என்னன்னா, அந்த மாடியிலேயே சூடான உள்பகுதி இருக்கு. அதைச் சுத்தித்தான் திறந்த நடைபாதை. பத்து நிமிஷம் வெளியே, பத்து நிமிஷம் உள்ளே என்று மாறி மாறி நிக்கலாம். குளிர்காலத்துல கடுங்காற்று பெரும்பாலும் வடமேற்கிலிருந்து வரும். அதனால உடம்பு சூடா இருக்கும்போதே வடக்குப் பக்கம் போய் சென்ட்ரல் பார்க்கைப் பார்த்துடுங்க. அப்புறம் தெற்குப் பக்கம். அங்கே கட்டடமே காற்றை மறைக்கும், லோயர் மன்ஹாட்டனும் துறைமுகமும் அந்தப் பக்கம்தான். அம்மாவை நிதானமா நிக்க வைக்க வேண்டிய இடம் அது. மூலைகள்ல காற்று வளைஞ்சு வேகமெடுக்கும், குழந்தையோட அங்கே நிக்காதீங்க.

கதவுகிட்ட குழந்தை கையைப் பிடிச்சுக்குங்க. குளிர்நாள்ல கட்டடத்துக்குள்ள இருக்கிற சூடான காற்று மேலே ஏறி, உச்சி மாடிகள்ல வெளியே போக முட்டும். வெளிக்காற்றும் சேர்ந்தா கதவு திடீர்னு வீசித் திறக்கும், இல்லைன்னா தள்ளவே வராது. உயரமான கட்டடங்கள்ல லிஃப்ட் கதவு இடுக்குல விசில் சத்தம் கேக்கிறதும் இதனாலதான். பயப்பட ஒண்ணுமில்லை.

எடிசன்_அக்கா:
உடுப்பு பற்றி நான் சொல்றேன் தம்பி. புடவையே கட்டட்டும், தப்பில்லை. உள்ளே பாவாடைக்குப் பதிலா கம்பளி அல்லது பாலியஸ்டர் தெர்மல் லெக்கிங்ஸ் இரண்டு, ஒண்ணு மேல ஒண்ணு. இடுப்பில நாடா கட்டி அதிலே கொசுவம் சொருகிக்கலாம். புடவை கணுக்காலுக்கு மேலேயே நிக்கட்டும், தரையில புரண்டா கரைஞ்ச பனியை உறிஞ்சிக்கும். ஜாக்கெட்டுக்கு மேல முழுக்கை தெர்மல், அதுக்கு மேல ஃப்ளீஸ், கடைசியா முழங்கால் தாண்டுற காற்றுபுகாத கோட். முந்தானையைக் கோட்டுக்குள்ள விட்டுடணும், காற்றுல பறந்தா பக்கத்துல நிக்கிறவங்க முகத்துல அடிக்கும்.

எல்லாரும் செய்ற கோளாறு காட்டன் பனியன். வரிசையில சூட்டுல நின்னு வேர்த்திருக்கும், பருத்தி அந்த ஈரத்தை விடாது, வெளியே வந்த உடனே முதுகு ஜில்லிடும். ஏர்போர்ட் மாதிரி செக்யூரிட்டி வேற இருக்கு. உள்ளே நுழைஞ்சதும் கோட் ஜிப்பைத் திறந்து விட்டுடுங்க, மேலே வெளிக்கதவுக்கு முன்னாடி போட்டா போதும்.

தலைக்கு ஊர்ல போடுற மங்கி குல்லாவே அருமை, வெட்கப்பட வேண்டாம். காலுக்கு மூடின ஷூ. சாக்ஸ் இரண்டு போட்டு ஷூ இறுகினா ரத்தம் ஓடாம இன்னும் விறைக்கும், அதனால அரை அளவு பெரிசா வாங்குங்க. கை சூடாக்கும் பொட்டலம் கடைகள்ல கிடைக்கும். உள்ளே இரும்புத்தூள், காற்றுப் பட்டாத்தான் சூடேறும். லிஃப்ட் வரிசையிலேயே பிரிச்சு கோட் பாக்கெட்ல போட்டுடுங்க. தோல்ல நேரா வைக்காதீங்க, வயசானவங்களுக்குப் புண்ணாகிடும்.

குழந்தை நடக்காம ஸ்ட்ரோலர்ல உக்காந்திருந்தா சீக்கிரம் குளிர்ந்து போகும். நெஞ்சோட கட்டுற கேரியர் நல்லது. லிஃப்ட்ல காது அடைக்கும்போது பால் பாட்டிலோ சிப்பரோ கொடுங்க, விழுங்கினாத் திறந்துக்கும். கண்ணாடி பாட்டில் உள்ளே விடமாட்டாங்க.

அப்பா விஷயத்துல டாக்டரைக் கேட்டுட்டு வாங்க. குளிர்காற்று முகத்துல அடிச்சா ரத்தக்குழாய் சுருங்கி பிரஷர் ஏறும். மூக்கையும் வாயையும் மஃப்ளரால மூடி, சாப்பிட்ட உடனே போகாம, வேகமா நடக்காம இருக்கட்டும். நெஞ்சு பிடிக்கிற மாதிரி இருந்தா உடனே உள்ளே கூட்டிவந்து, அங்கே இருக்கிற ஊழியர்கிட்ட சொல்லிடுங்க.

மேகக்கணக்கு:
மேகக் கேள்விக்கு விமானிகள் பார்க்கும் தகவலே போதும். நியூயார்க்கின் லாகார்டியா விமான நிலையத்தின் ‘மெட்டார்’ என்ற வானிலை அறிக்கை இணையத்தில் இலவசம், மணிக்கொரு முறை வரும். அதில் வானத்தை மூடும் மேகத்தைக் குறிக்கும் பி.கே.என். அல்லது ஓ.வி.சி. என்ற எழுத்துகளுக்குப் பின்னால் மூன்று இலக்கம் இருக்கும். அதை நூறால் பெருக்கினால் மேக அடிவாரத்தின் உயரம், அடிக்கணக்கில். 86-ஆவது மாடி 1,050 அடி. ஓ.வி.சி. 008 என்றால் மேகம் 800 அடியில், நீங்கள் அதற்குள். 012 சந்தேகம். 030-க்கு மேல் கவலையில்லை. எஃப்.ஈ.டபிள்யூ., எஸ்.சி.டி. என்று தொடங்குபவை சிதறல் மேகங்கள், விட்டுவிடலாம். அடுத்த நாள் நிலவரத்துக்கு ‘டாஃப்’ என்ற முன்னறிவிப்பும் அதே எழுத்துகளில் கிடைக்கும்.

பனி பெய்யும் நாளில் மேகம் உயரமாக இருந்தாலும் பார்வை எட்டாது. பனியோ மழையோ ஓய்ந்து வடமேற்குக் காற்று வீசத் தொடங்கிய மறுநாள்தான் வெகுதூரம் தெளிவாகத் தெரியும். கடுங்குளிரும் அன்றுதான், இரண்டும் சேர்ந்தே வரும். ஆகவே தேதியை முன்பே பூட்டிக்கொள்ளாமல், நான்கு நாளில் நல்ல நாளை முந்தின இரவு பார்த்து டிக்கெட் எடுங்கள். புத்தாண்டுக் கூட்டம் கலைந்த பிறகு அது சாத்தியம்.

அந்த வாரத்தில் சூரியன் மாலை 4.50 வாக்கில் மறையும். 4 மணிக்குள் மேலே இருந்தால் பகல், அந்தி, விளக்கு மூன்றும் கிடைக்கும்.

நிழற்படம்:
அம்மாவின் ஆசை சரி, ஆனால் அப்பாவுக்கு ஒன் வேர்ல்டு டிரேட் சென்டர் கட்டடத்தின் உச்சிதான் என் யோசனை. 100 முதல் 102-ஆவது மாடி வரை முழுக்கக் கண்ணாடிக்குள், காற்றே படாது. ஒரே குறை, இரவில் கண்ணாடியில் நம் முகமே பிரதிபலிக்கும். லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டவைத்து, சுற்றிலும் கறுப்புத் துணியால் மறைத்து எடுங்கள். ராக்ஃபெல்லர் சென்டர் உச்சியில் இருக்கும் டாப் ஆஃப் த ராக் பார்வைத்தளத்துக்குப் போனால் எம்பயர் ஸ்டேட்டே படத்தில் விழும். அதன் 70-ஆவது மாடியில் தடுப்புக் கண்ணாடி இல்லை, காற்று நேராக அடிக்கும்.

திறந்தவெளியில் போன் பேட்டரி 30 சதவீதம் காட்டிக்கொண்டே அணைந்துவிடும். குளிரில் பேட்டரியின் உள்தடை கூடி மின்னழுத்தம் சரிவதுதான் காரணம். சூடானதும் தானாக மீளும், அதனால் போனை உள்பாக்கெட்டில் வையுங்கள். கேமராவை உள்ளே கொண்டுபோகும் முன், வெளியே நிற்கும்போதே ஜிப் பையில் போட்டு மூடிவிடுங்கள். இல்லாவிட்டால் லென்ஸில் நீர் கோத்துக்கொள்ளும். முக்காலிக்கு அனுமதி இல்லை. எம்பயர் ஸ்டேட் வேலிக்கம்பி இடைவெளியில் போன் நுழையும், கையில் பட்டை மாட்டிக்கொண்டு எடுங்கள்.

குயின்ஸ்வாசி:
ஒன் வேர்ல்டு நல்ல இடம்தான், ஆனா அம்மா கேட்டது வெளியில நிக்கிறது. எம்பயர் ஸ்டேட்லயே அப்பா சூடான பகுதியில குழந்தையோட இருக்கட்டும், நீங்களும் அம்மாவும் வெளியே போய்ட்டு வாங்க. கூடுதல் டிக்கெட் எடுத்தா 102-ஆவது மாடி முழுக்கக் கண்ணாடி, அங்கே நாலு பேரும் சேர்ந்தே பார்க்கலாம். நுழைவு 34-ஆவது தெருவில, எண் 20 வெஸ்ட். ஹெரால்ட் ஸ்கொயர் ஸ்டேஷன்ல இறங்கினா கிழக்கே கொஞ்ச தூர நடை.

கொங்குத்தம்பி:
அப்படியே செய்றோம். அப்பா 102-க்கு சம்மதம். மங்கி குல்லா மட்டும் போடமாட்டேன்னு அடம், அதை அம்மா பார்த்துக்குவாங்க.