மனையில் மேனுஃபேக்சர்டு ஹோம் வைத்தவர்களே, உங்கள் ஊர் விதி எப்படி?

கரோலினாவாசி:
நார்த் கரோலினாவில் ராலேவுக்குச் சற்றுத் தள்ளி மனை வாங்கி, தொழிற்சாலையில் செய்து லாரியில் வரும் வீட்டை வைத்துக் குடியேறிவிட்டோம். இதே யோசனையில் இருப்பவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

"மாநிலச் சட்டமே உங்கள் பக்கம், யாரும் தடுக்க முடியாது" என்று வீடு விற்றவர் அடித்துச் சொன்னார். சட்டம் அந்த அளவுக்குப் போகவில்லை. தன் எல்லை முழுவதிலும் இந்த வீடுகளே வரக் கூடாது என்று ஓர் ஊர் தடுக்க முடியாது, அவ்வளவுதான். எந்தப் பகுதியில் வைக்கலாம், அளவும் தோற்றமும் எப்படி இருக்க வேண்டும் என்பதெல்லாம் ஊரின் கையில்தான்.

நாங்கள் முதலில் பார்த்த மனைக்கு அனுமதியே இல்லை. சாலைக்கு எதிர்ப்புறம் உண்டு! முன்பணம் கொடுப்பதற்கு முன்பே மனைக்கான அடையாள எண்ணோடு (பார்சல் எண்) பிளானிங் அலுவலகத்துக்குப் போனதால் தெரிந்தது. அங்கிருந்த அம்மா, எந்தப் பகுதியில் என்ன கட்டலாம் என்று ஊர் பிரித்துவைத்திருக்கும் ஸோனிங் வரைபடத்தைத் திரையில் பெரிதாக்கி, எல்லைக் கோட்டை விரலால் காட்டினார். "இந்தப் பக்கம் டபுள்வைடு வைக்கலாம், சிங்கிள்வைடு கிடையாது" என்றார். ஒரே பகுதியாக வருவது சிங்கிள்வைடு; இரண்டு பகுதிகளாக வந்து மனையில் இணைக்கப்படுவது டபுள்வைடு. கூரைச் சரிவு 12 அங்குலத்துக்கு 3 அங்குலமாவது வேண்டும், அடிப்பகுதியைச் சுற்றிச் செங்கல் சுவர் எழுப்ப வேண்டும், சக்கரம், அச்சு, இழுவைக் கொக்கி மூன்றையும் கழற்றிவிட வேண்டும். எல்லாவற்றையும் மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொண்டேன். நீங்களும் வாய்வார்த்தையோடு திரும்பிவராதீர்கள்.

பழைய வீடு வாங்குபவர்கள் வெளிச்சுவரில் சிவப்பு உலோகத் தகடு இருக்கிறதா என்று பாருங்கள். 1976 ஜூன் 15 முதல் செய்யப்பட்ட வீடுகளுக்கு அமெரிக்க அரசின் வீட்டுவசதித் துறையான ஹட்டின் நாடு தழுவிய கட்டுமான விதி உண்டு; அதற்கான அடையாளம்தான் அந்தத் தகடு. ஒவ்வொரு பகுதிக்கும் ஒன்று என்பதால் எங்கள் டபுள்வைடில் இரண்டு இருக்கின்றன. அந்தத் தேதிக்கு முன் செய்த வீடுகளைப் பல ஊர்கள் உள்ளேயே விடுவதில்லை. தொழிற்சாலையில் பகுதி பகுதியாகச் செய்து மனையில் பொருத்தும் மாடுலர் வீடு இதில் சேராது. அது வைக்கப்படும் இடத்தின் கட்டட விதிப்படி செய்யப்படுவது.

ஹூஸ்டன்காரன்:
நல்ல பதிவு அண்ணா. எங்கள் ஊரில் ஸோனிங்கே கிடையாது என்பதால், எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். இங்கே ஆளை மடக்குவது, பத்திரத்திலேயே எழுதிவைக்கும் கட்டுப்பாடான டீட் ரெஸ்ட்ரிக்‌ஷன். என் மைத்துனர் பார்த்த மனைக்கு, அந்த லேஅவுட் போட்ட காலத்திலேயே "மொபைல் ஹோம் கூடாது" என்று பத்திரத்தில் எழுதி வைத்திருந்தார்கள். அது மனையோடு கூடவே வரும், யார் வாங்கினாலும் கட்டுப்படுத்தும். மீறினால் அக்கம்பக்கத்தார் மட்டுமல்ல, மாநகராட்சியே வழக்குப் போடலாம். மனையின் உரிமைப் பத்திரங்களைச் சரிபார்க்கும் டைட்டில் கம்பெனியிடம் அந்தப் பக்கங்களைக் கேட்டு வாங்கி, வரி விடாமல் படியுங்கள்.

டெக்சாஸில் ஸோனிங் உள்ள நகரங்களுக்கு ஒரு கெடு உண்டு. ஹட் விதிப்படி செய்த புதிய வீட்டை வைக்க விண்ணப்பித்தால் 45 நாட்களுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும்.

ஃபிரெஸ்னோ அக்கா:
கலிஃபோர்னியாவில் நிலைமை எவ்வளவோ மேல். நிரந்தர அஸ்திவாரத்தில் வைத்தால், தனி வீடுகளுக்கான மனையில் இதையும் அனுமதித்தே ஆக வேண்டும். தோற்றத்தைப் பொறுத்தவரை கூரையின் நீட்டம், கூரைப் பொருள், வெளிச்சுவர்ப் பொருள் இவற்றில்தான் நகரம் தலையிட முடியும். செய்து 10 வருடத்துக்கு மேலான வீடு என்றால் மறுக்கலாம்.

நாங்கள் அப்பா அம்மாவுக்காக வீட்டின் பின்னால் ஏ.டி.யு.வாக, அதாவது அதே மனையில் கூடுதலாக வைக்கும் சிறு வீடாக ஒன்று வைத்தோம். குடியிருப்பின் வீட்டு உரிமையாளர் சங்கமான ஹெச்.ஓ.ஏ. முதலில் முடியாது என்றது. ஏ.டி.யு.வை அறவே தடுக்கும் ஹெச்.ஓ.ஏ. விதி 2020 முதல் செல்லாது என்று சட்டப் பிரிவோடு கடிதம் எழுதினோம், வழிவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் "டிரெய்லரா வரப்போகிறது?" என்று கேட்டது மனதை வருத்தியது. அம்மாவின் சமையலறையை வந்து பார்த்திருந்தால் அப்படிக் கேட்டிருக்க மாட்டார். உழைத்துச் சேர்த்த பணத்தில் கௌரவமான ஒரு வீடு. அதை இப்படிப் பேசுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கரோலினாவாசி, உங்கள் ஊரில் வீட்டையும் நிலத்தையும் ஒரே சொத்தாக்க என்ன செய்தீர்கள்?

கரோலினாவாசி:
அக்கா, இங்கே இந்த வகை வீட்டுக்கும் காரைப் போல மோட்டார் வாகனத் துறையான டி.எம்.வி.யில்தான் டைட்டில், அதாவது உரிமைச் சான்று. சக்கரம், அச்சு, கொக்கியைக் கழற்றி, சொந்த நிலத்தில் நிரந்தர அஸ்திவாரத்தில் ஏற்றிய பிறகு, உறுதிமொழிப் பத்திரம் கொடுத்து அந்த டைட்டிலை ரத்து செய்ய வேண்டும். வீட்டுக் கடன் எடுப்பதாக இருந்தால் இதை முதலிலேயே வங்கியிடம் பேசிவிடுங்கள்.