கண் பரிசோதனை பஸ்: டிரைவருக்குத் தனி ஏ.சி. போட எந்த வழி சரிவரும்?

விருதுநகர்_முகாம்:
வணக்கம். ஒரு அறக்கட்டளையின் கண் பரிசோதனை பஸ்ஸை நான் பார்த்துக்கொள்கிறேன். முன்பு பள்ளிக்கூட பஸ்ஸாக ஓடிய வண்டி. முன்பக்க எஞ்சின், 24 வோல்ட். சீட்டையெல்லாம் எடுத்துவிட்டு, டிரைவருக்குப் பின்னால் பலகைத் தடுப்பு அடித்து, உள்ளே ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏ.சி. இரண்டு மாட்டியிருக்கிறோம். முகாமில் நிறுத்தி ஜென்செட்டைப் போட்டால் பின்னால் ஜில்லென்று இருக்கும். ஓட்டுகிற அண்ணனுக்கு ஒன்றும் கிடையாது.

கத்திரி வெயிலில் கமுதி, முதுகுளத்தூர் பக்கம் போய் வந்தால் அவர் சட்டையைப் பிழியலாம். பக்கத்தில் இருக்கும் பேனட் (எஞ்சின் மூடி) மேல் ஈரச்சாக்கு போட்டு ஓட்டுகிறார். அருப்புக்கோட்டை தாண்டுவதற்குள் சாக்கு காய்ந்துவிடுகிறது. கியர் லிவர் அடியிலிருந்து காலில் அனல் அடிக்கிறது. நோயாளிக்குக் குளிர்ச்சி கொடுக்கிறோம், ஐம்பது வயதுக்காரரை வேகவைக்கிறோம். இந்தக் கோடைக்கு முன் சரிசெய்தாக வேண்டும்.

ஒரு மெக்கானிக் மூன்றாவதாக ஒரு ஸ்பிளிட் போடச் சொல்கிறார். இன்னொருவர் லாரிக்காரர்கள் கூரையில் வைக்கும் 24 வோல்ட் ஏ.சி.யே போதும் என்கிறார். எதில் இறங்கலாம்?

ஏசி_பாண்டி:
ஸ்பிளிட் வேண்டாம் சார். அது அசையாத சுவருக்குச் செய்த பொருள். ஓடுகிற வண்டியின் அதிர்வில் செம்புக் குழாயின் ஃபிளேர் மூட்டு விட்டுக் கேஸ் போய்விடும். பிரேக் அடித்தால் தட்டில் நிற்கும் தண்ணீர் டிரைவர் தலையில் கொட்டும். அதற்காக ஜென்செட்டையும் வழியெல்லாம் ஓட்ட வேண்டும்.

24 வோல்ட் கூரை ஏ.சி. நல்ல பொருள்தான். லாரியை நிறுத்தித் தூங்கும்போது பேட்டரியில் ஓடுவதற்கு வந்தது அது. பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் உங்கள் ஆல்டர்னேட்டர் தகட்டில் எத்தனை ஆம்பியர் என்று போட்டிருக்கிறது?

விருதுநகர்_முகாம்:
பார்த்துவிட்டேன் அண்ணா. 24 வோல்ட், 45 ஆம்பியர்.

ஏசி_பாண்டி:
அப்படியென்றால் அதை விட்டுவிடுங்கள். அந்த ஏ.சி. முழு வேகத்தில் நாற்பது ஆம்பியர் வரை இழுக்கும். ஹெட்லைட், வைப்பர், ஹாரன் எல்லாம் மீதி ஐந்தில் ஓடாது. பேட்டரி தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, ஒருநாள் காலையில் செல்ஃப் எடுக்காது. பெரிய ஆல்டர்னேட்டர் மாற்றலாம். அந்தச் செலவுக்கு, எஞ்சினே பெல்ட் போட்டு ஓட்டும் கம்ப்ரஸர் ஏ.சி.யே வந்துவிடும். அதையே போடுங்கள்.

கேபின் சின்னது, முக்கால் டன் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். முன்கண்ணாடி பெரிது. வெயில் நேராக விழுந்தால் சதுர மீட்டருக்கு ஆயிரம் வாட் வரை சூடு வரும். பக்கத்திலேயே எஞ்சின். ஒரு டன், அதாவது மூன்றரை கிலோவாட், குறைந்தபட்சம் வேண்டும். 155 சி.சி. கம்ப்ரஸர் (சாண்டன் 7எச்15 மாதிரி), கம்ப்ரஸரை ஓடவிட்டு நிறுத்தும் கிளட்ச்சின் காயில் 24 வோல்ட், கேஸ் ஆர்134ஏ. ப்ளோயர், கண்டென்சர் (சூட்டை வெளியே விடும் காயில்) ஃபேன், கிளட்ச் எல்லாம் சேர்த்துப் பதினைந்து, இருபது ஆம்பியருக்குள் அடங்கும். பகல் ஓட்டத்தை உங்கள் ஆல்டர்னேட்டர் தாங்கும். இரவில் ஹெட்லைட்டோடு ஓட்டும்போது ப்ளோயரைக் குறைத்து வையுங்கள்.

கரூர்_கோச்:
பாண்டி சொன்னது சரி. ஆனால் தம்பி, ஏ.சி. வாங்குவதற்கு முன் பேனட்டைக் கழற்றிப் பாருங்கள். பாதி வியாதி அங்கேதான். பழைய பஸ்ஸில் பேனட் ஓரத்து ரப்பர் பீடிங் நசுங்கித் தட்டையாகிக் கிடக்கும். எஞ்சினைக் கடந்த சூடான காற்றும் புகையும் அந்தச் சந்து வழியாகத்தான் உள்ளே வருகிறது. கியர் லிவர் பூட் (அடியில் மூடும் ரப்பர் உறை) கிழிந்திருக்கும். கிளட்ச், பிரேக் பெடல் ஓட்டைகளும் திறந்திருக்கும். இதையெல்லாம் அடைக்காமல் ஏ.சி. போட்டால் அது எஞ்சினைத்தான் குளிர்விக்கும்.

பேனட்டின் உட்பக்கம் செராமிக் கம்பளி வைத்து, மேலே அலுமினியத் தகடு அடித்து ரிவெட் போடுங்கள். சோபா ஸ்பாஞ்சும் ரெக்ஸினும் ஒட்டுபவர்கள் இருக்கிறார்கள், அதை விடவே விடாதீர்கள். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (எஞ்சின் புகை வெளியேறும் கொதிக்கும் குழாய்) பக்கத்தில் அது தீப்பிடிக்கும். எண்ணெய் கசிந்து கம்பளியில் ஊறினாலும் ஆபத்துதான், அதனால் கசிவை முதலில் நிறுத்துங்கள்.

அப்புறம், இடது பக்கப் படிக்கட்டுக்கும் டிரைவருக்கும் நடுவில் கனமான பிளாஸ்டிக் பட்டைத் திரை தொங்கவிடுங்கள். கதவுச் சந்து வழியே குளிர் போவது பெருமளவு நிற்கும்.

ஓய்வு_ஓட்டுநர்:
முப்பது வருஷம் ஸ்டியரிங் பிடித்தவன் சொல்கிறேன். காற்று முழங்காலில் மட்டும் அடித்தால் பயன் இல்லை. வலது தோளில்தான் வெயில் விழுந்துகொண்டே இருக்கும். கூலிங் காயிலை முன்கண்ணாடிக்கு மேலே இருக்கும் ஊர்ப்பலகைப் பெட்டிக்குள் வைத்து, ஒரு வாய் மார்புக்கும் ஒன்று வலது தோளுக்கும் வரும்படி திருப்புங்கள். நேராகக் கண்ணில் அடிக்கக் கூடாது, கண் காய்ந்து எரியும். வடிகால் குழாய் ஃபியூஸ் பெட்டி மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் அண்ணனை அந்த சீட்டில் உட்காரவைத்துவிட்டு ஓட்டை போடச் சொல்லுங்கள்.

லாரிகளுக்கு இப்போது சட்டமே வந்துவிட்டது. 2025-இலிருந்து புதிதாகத் தயாராகும் என்2, என்3 வகை (மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட) லாரிகளில் ஓட்டுநர் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம். பழைய பஸ் ஓட்டுகிறவனுக்கு உங்களைப் போல யாராவது நினைத்துச் செய்தால்தான் உண்டு. நல்ல காரியம்.

விருதுநகர்_முகாம்:
எல்லோருக்கும் நன்றி. பேனட் ரப்பர் ஒரு பக்கம் அடியோடு காணவில்லை. கியர் பூட்டில் கை நுழைகிற அளவு கிழிசல். அந்த வேலையை இந்த வாரமே கொடுத்துவிட்டேன். எஞ்சினின் கிராங்க் புல்லியில் பெல்ட் ஓடும் பள்ளம் ஒன்று காலியாக இருக்கிறது, விட்டம் 200 மி.மீ. கம்ப்ரஸரைச் சேஸிஸில் மாட்டலாம் என்கிறார் லேத்காரர். கண்டென்சரை ரேடியேட்டருக்கு முன்னால் வைக்கலாமா?

ஏசி_பாண்டி:
சேஸிஸில் மாட்டவே கூடாது. எஞ்சின் ரப்பர் மேல் உட்கார்ந்து ஆடும், சேஸிஸ் அதோடு சேர்ந்து ஆடாது. பெல்ட் பிய்ந்துகொண்டே இருக்கும். எஞ்சின் பிளாக்கில் உள்ள போல்ட் துளைகளிலிருந்தே தடிமனான பிராக்கெட் எடுக்கச் சொல்லுங்கள், பெல்ட்டை இறுக்குவதற்கு ஒரு ஐட்லர் உருளையும் வேண்டும். கம்ப்ரஸர் புல்லி சுமார் 130 மி.மீ. இருந்தால் எஞ்சினைப் போல ஒன்றரை மடங்கு சுற்றும். ஐட்லிங்கில் எஞ்சின் நிமிடத்துக்கு 600 சுற்று என்றால் இங்கே 900 கிடைக்கும். டீக்கடையில் நிற்கும்போது குளிர் கொஞ்சம் குறையும், அது இயல்பு.

கண்டென்சரை ரேடியேட்டர் முன்னால் வைத்தால் மே மாதத்தில் எஞ்சின் சூடு ஏறும். கூரையின் முன்பகுதியில் இரண்டு ஃபேனோடு வையுங்கள். அடியில் பக்கவாட்டில் வைத்தால் முகவை (ராமநாதபுரம்) மண் புழுதி துடுப்புகளை அடைத்துவிடும். ஹோஸ் பேரியர் வகையாக (கேஸ் கசியாத உள்படலம் உள்ளது), மூட்டை மெஷினில் நசுக்கிக் கிரிம்ப் செய்ததாக இருக்கட்டும், கிளிப் போட்டு இறுக்கியது வேண்டாம். அழுத்தம் மீறினால் கம்ப்ரஸரை நிறுத்தும் பிரஷர் சுவிட்ச் இல்லாமல் யாராவது கேஸ் ஏற்றினால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். முதலில் நைட்ரஜன் ஏற்றிக் கசிவு பார்த்து, பிறகு வேக்குவம், அதற்கப்புறம்தான் கேஸ்.

கரூர்_கோச்:
கூரையில் வைத்தால் உயரம் கூடும். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, வண்டியில் செய்யும் மாற்றம் பற்றியது. வேலை தொடங்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், எஃப்.சி. (தகுதிச் சான்று) சமயத்தில் அலைய வேண்டாம். கண்ணாடிக்குக் கறுப்பு ஃபிலிம் ஒட்டும் யோசனை இருந்தால் வேண்டாம், முன்கண்ணாடியில் 70 சதவீத வெளிச்சம் உள்ளே வந்தாக வேண்டும்.

விருதுநகர்_முகாம்:
சரி அண்ணா. பிராக்கெட் படத்தை லேத்காரர் வரைந்து கொடுத்ததும் இங்கே போடுகிறேன். போல்ட் துளைகள் மூன்றுதான் தெரிகின்றன, போதுமா?

ஏசி_பாண்டி:
மூன்றும் ஒரே வரிசையில் இல்லாமல் முக்கோணமாக இருந்தால் போதும். படம் வரட்டும், பார்த்துச் சொல்கிறேன். அதுவரை தகடு வெட்ட வேண்டாம்.