கிராப்பில் 607 கொடுத்தால் 606 வருகிறது, விகிதமும் 9:16 இல்லை

கேள்வி:
1920x1080 எச்264 வீடியோவிலிருந்து செங்குத்தான 9:16 துண்டு வேண்டும். வீடியோவை மாற்றும் கருவியான எஃப்எஃப்எம்பெக்கில் கொடுத்தது (கிராப் வெட்டும், ஸ்கேல் அளவை மாற்றும்): -விஎஃப் "கிராப்=607:1080,ஸ்கேல்=1080:1920". பிழை எதுவும் வரவில்லை. ஆனால் கிராப் முடிந்ததும் அகலம் 606 ஆகிவிடுகிறது. கடைசிக் கோப்பை, கோப்பின் விவரம் காட்டும் எஃப்எஃப்புரோபில் பார்த்தால் 1080x1920 சரிதான். பக்கத்திலேயே எஸ்ஏஆர் (ஒரு பிக்சலின் அகல-உயர விகிதம்) 404:405, டிஏஆர் (திரையில் காட்டும் விகிதம்) 101:180 என்று நிற்கிறது. எங்கே சறுக்குகிறது?

பதில் 1:
இரண்டு தனித்தனி விஷயங்கள்.

உங்கள் வீடியோ ஒய்யுவி420பி என்ற பிக்சல் வடிவம். அதில் நிறத் தகவல் 2x2 பிக்சலுக்கு ஒன்றுதான். ஒற்றைப்படை அகலத்தில் வெட்டினால் ஒரு நிறப் புள்ளி பாதியில் அறுபடும். அதனால் கிராப் ஃபில்ட்டர் சத்தமில்லாமல் கீழே உள்ள இரட்டைப்படைக்கு இறக்கிவிடும். வெட்டு தொடங்கும் இடத்தைச் சொல்லும் எக்ஸ், ஒய் மதிப்புகளுக்கும் இதே கதிதான்.

அடுத்தது ஸ்கேல். அது காட்சி விகிதத்தைக் காப்பாற்றப் பார்க்கும். உள்ளே வந்தது 606:1080, அதாவது 101:180. நீங்கள் 1080x1920-க்கு இழுத்ததும், அந்த வித்தியாசத்தைப் பிக்சல் விகிதத்தில் ஏற்றி 404:405 ஆக்கிவிட்டது. கடைசியில், பிக்சல் விகிதத்தை 1 என்று குறிக்கும் செட்எஸ்ஏஆர் சேர்த்துவிடுங்கள்:

-விஎஃப் "கிராப்=608:1080,ஸ்கேல்=1080:1920,செட்எஸ்ஏஆர்=1"

சரியான அகலம் 607.5; 608-இல் வரும் நீட்சி 0.1 சதவீதம்கூட இல்லை, கண்ணுக்குத் தெரியாது.

பதில் 2:
அந்த நீட்சியும் கூடாது என்றால் கிராப்=594:1056. இது அச்சு அசல் 9:16, இரண்டும் இரட்டைப்படை. மேலும் கீழும் 12 பிக்சல் போகும், அவ்வளவுதான். கிராப்பிலேயே எக்ஸாக்ட்=1 போட்டால் 607 அப்படியே கிடைக்கும். ஆனால் பின்னால் ஸ்கேல் இல்லாமல் நேராக எச்264 என்கோடரான லிப்எக்ஸ்264-க்குப் போனால், அகலம் இரண்டால் வகுபடவில்லை என்று என்கோடர் மறுத்துவிடும்.

கேள்வி கேட்டவர்:
செட்எஸ்ஏஆர் போட்டதும் சரியாகிவிட்டது, நன்றி. ஏற்கெனவே முடித்த கோப்புகளை மறுபடி என்கோட் செய்யாமல் திருத்த முடியுமா?

பதில் 1:
முடியும். என்கோட் செய்யாமல் நகலெடுக்கும் -சி காப்பி உடன் -ஆஸ்பெக்ட் 9:16 மட்டும் கொடுத்தால் கோப்பின் வெளி உறையான கன்டெய்னரில்தான் மாறும். எச்264 ஓடைக்குள் பழைய 404:405 அப்படியே இருக்கும். எதை நம்புவது என்பது பிளேயரின் இஷ்டம். அதனால் இதையும் சேர்த்தே கொடுங்கள்:

-பிஎஸ்எஃப்:வி எச்264_மெட்டாடேட்டா=சாம்பிள்_ஆஸ்பெக்ட்_ரேஷியோ=1/1

பதில் 3:
மொபைலில் எடுத்த வீடியோ என்றால் இன்னொன்று. கோப்பில் 1920x1080 என்று இருந்தாலும் 90 டிகிரி சுழற்சிக் குறிப்பு இருக்கலாம். எஃப்எஃப்எம்பெக் முதலில் திருப்பிவிட்டுத்தான் ஃபில்ட்டருக்கு அனுப்பும். கிராப் பார்ப்பது 1080x1920 ஃபிரேமை. எண்களை அதற்கேற்பப் போடுங்கள்.