டிஃப் இன் டிஃப்புக்கு ‘மாற்ற வேறுபாடு’ன்னு வெச்சா என்ன?

ஐயா, வணக்கம். டிஃப் இன் டிஃப், அதாவது டிஃபரன்ஸ் இன் டிஃபரன்சஸ்: ஒரு சட்டம் வந்த ஊர்ல ஆன மாற்றத்த, அது வராத ஊரோட மாற்றத்தோட ஒப்பிட்டு சட்டத்தோட விளைவ அளக்கற முறை. அதுக்குத் தமிழ்ல நீங்க சொன்ன ‘இரட்டை வேறுபாடு’ பத்தி ரெண்டு நாளா யோசிச்சிட்டிருக்கேன். வாய்க்கு நல்லா வருது, ஆனா வகுப்புல போர்டுல எழுதினப்ப வேறுபாடு ரெண்டு மடங்காகுதுன்னு பசங்க எடுத்துக்கிட்டாங்க. ‘வேறுபாட்டின் வேறுபாடு’ தப்பில்ல, ஆனா எதுக்கு ரெண்டு தடவ கழிக்கிறோம்ங்கறத அது சொல்லவே இல்லையே.

நான் எப்பவும் கார்டு, க்ரூகர்ங்கற ரெண்டு பொருளாதார அறிஞர்களோட கணக்க வெச்சுத்தான் இத நடத்துவேன். 1992 ஏப்ரல்ல அமெரிக்காவுல நியூ ஜெர்சி மாநிலத்துல குறைந்தபட்சக் கூலிய மணிக்கு 4.25 டாலர்லேர்ந்து 5.05க்கு ஏத்துனாங்க, பக்கத்து பென்சில்வேனியால ஏத்தல, இவங்க ரெண்டு பக்கமும் சேத்து 410 ஃபாஸ்ட் ஃபுட் கடைல கூலி ஏறுறதுக்கு முன்னாடி ஒரு தடவ, வருஷக் கடைசில ஒரு தடவ ஆள் கணக்கு எடுத்தாங்க. முழுநேர ஆளா மாத்திப் பாத்தா கடைக்கு சராசரியா நியூ ஜெர்சில 20.44 பேர் 21.03 ஆச்சு, பென்சில்வேனியால 23.33 பேர் 21.17 ஆச்சு. இங்க 0.59 கூடிருக்கு, அங்க 2.16 குறைஞ்சிருக்கு, ஆக நமக்கு வேண்டியது, அதாவது இந்த ரெண்டு மாற்றத்துக்கும் நடுவுல உள்ள வேறுபாடு, கிட்டத்தட்ட 2.75. கூலி ஏறினா வேலை போகும்னு எல்லாரும் சொல்லிட்டிருந்த காலத்துல வந்த கணக்கு இது, 1994ல வெளியாச்சு, இன்னும் சண்டை ஓயல.

இதுல ரெண்டு கழித்தலும் ஒரே ஜாதி இல்ல, அதுதான் என் பாயிண்ட். முதல்ல கழிக்கிறது அதே ஊரோட முன்னையும் பின்னையும், அதுக்கு நம்மகிட்ட ‘மாற்றம்’னு சொல் இருக்கு. அடுத்தது இந்த ஊருக்கும் அந்த ஊருக்கும் நடுவுல, அது ‘வேறுபாடு’. இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் ஒரே சொல்ல வெச்சுட்டாங்க, நம்மகிட்ட தனித்தனியா இருக்கறப்ப எதுக்கு அத விடணும்? அதனாலதான் மாற்ற வேறுபாடு, மாற்ற வேறுபாட்டு முறை.

‘மாற்ற’ன்னா வினை மாதிரி படுமேன்னு கேப்பீங்க. காலநிலை மாற்றத் துறைன்னு தினம் பேப்பர்ல படிக்கிறோம், யாரும் குழம்பலையே. ‘மாறுபாடு’ மட்டும் வேண்டாம், பத்தாம் வகுப்புலயே கோஎஃபிஷியன்ட் ஆஃப் வேரியேஷனுக்கு மாறுபாட்டுக் கெழுன்னு வந்துருது, ரெண்டும் குழம்பிரும்.

இன்னொரு லாபமும் இருக்கு. “20.44ம் 23.33ம் ஆரம்பத்துலயே சமமில்லையே, எப்படி சார் ஒப்பிடுறது”ன்னு வருஷாவருஷம் ஒரு பிள்ளை கேக்கும். ஒப்பிடுறது நிலைய இல்லம்மா, மாற்றத்தன்னு சொல்லே பதில் சொல்லிரும். கூலி ஏறாம இருந்திருந்தா நியூ ஜெர்சியோட மாற்றமும் பென்சில்வேனியா மாதிரியேதான் இருந்திருக்கும்ங்கற அனுமானமும் அதுலேர்ந்தே வந்துருது, அதுக்கு (இங்கிலீஷ்ல பேரலல் ட்ரெண்ட்ஸ்) ‘இணைப்போக்கு’ன்னு நீங்க குடுத்தது அப்படியே இருக்கட்டும்.

ட்ரீட்மென்ட் குரூப்புக்குத்தான், அதாவது நியூ ஜெர்சி மாதிரி மாற்றம் கொண்டுவந்த பக்கத்துக்குத்தான், எனக்கு இன்னும் சரியா ஒண்ணும் அமையல. கூலிச் சட்டம் வந்த ஊரப் போயி ‘சிகிச்சைக் குழு’ன்னு எழுத கை வரல ஐயா, அதுக்கு ஏதாச்சும் தோணுதா?