ஆணியில குத்தின காலண்டர் தாள்: ஒத்தத் தலைவலிக்காரங்க பேசிக்கிட்டது

திருப்பூர், பனியன் கம்பெனி செக்கிங்:

பதினொரு வருசமா இடப்பக்கத் தலைவலிங்க எனக்கு. டியூப்லைட்டுக்குக் கீழ வெள்ளைத் துணியை விரிச்சு ஓட்டையும் கறையும் தேடற வேலை. வலி வந்துட்டா அந்த வெள்ளையே கண்ணைக் குத்தும். பக்கத்து டேபிள் அக்கா வெச்சிருக்கிற மல்லிப்பூ வாசத்துக்கே கொமட்டும். "சிப்மெண்ட் முடிஞ்சா மட்டும் எப்படிங்க உங்களுக்குத் தலைவலி வருது?"ன்னு சூப்பர்வைசர் நக்கலாக் கேப்பாரு. நொம்பச் சரியான கேள்விங்க அது, எனக்குத்தான் அப்பத் தெரியல.

சுக்குப் பத்து போட்டாச்சு, நொச்சித்தழை ஆவி புடிச்சாச்சு. அத்தை மொளகாயும் உப்பும் சுத்தி அடுப்புல போட்டாங்க, அந்த நெடியில வலி எச்சானதுதான் மிச்சம். அப்பறம் கம்பெனிக்கு எதுத்தாப்புல மெடிக்கல். மொதல்ல வாரத்துக்கு ஒரு மாத்திரை, கடைசியில டீ குடிக்கிற மாதிரி தெனமும்.

போன வருசம் நரம்பு டாக்டர்கிட்டப் போனேன். "மாசத்துல எத்தனை நாள்?"னாரு. "அடிக்கடிங்க"ன்னேன். "அடிக்கடிங்கறது கணக்கு இல்லம்மா"ன்னுட்டாரு. அதுக்குத்தான் தினசரி காலண்டர்ல வலி வந்த நாளோட தாளை மட்டும் தூக்கிப் போடாம ஆணியில குத்தி வெச்சேன். முழுங்கின மாத்திரையைப் பின்னாடி எழுதுவேன். மூனு மாசங்கழிச்சு கட்டைக் குடுத்தா, சீட்டு மாதிரி மேசையில பரப்பினாரு. 19, 22, 20. மாசத்துல 15 நாளோ அதுக்கு மேலயோ தலைவலி, அதுல 8 நாளாவது ஒத்தத் தலைவலி லட்சணத்தோட, மூனு மாசத்துக்கு மேல இப்படியே போனா அது நாள்பட்டதுன்னாரு. அப்பறம் ஒவ்வொரு தாளாத் திருப்பினாரு. சாதா வலி மாத்திரையை மாசம் 15 நாளைக்கும், ரெண்டு மூனு மருந்து கலந்ததை 10 நாளைக்கும் மாசக்கணக்கா போட்டுட்டே இருந்தா, அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டாந்துருமாம். நான் அந்தக் கோட்டைத் தாண்டி எத்தனையோ நாளாச்சு.

அவர் சொல்லி நிறுத்தின மொத வாரத்தைப் பத்திக் கேக்காதீங்க. ஜன்னலுக்குப் போர்வை கட்டிட்டுப் படுத்துக் கெடந்தேன். தலைவலி வராம தடுக்க ராத்திரிக்கு சின்ன அளவுல அமிட்ரிப்டிலின்னு ஒரு மாத்திரை குடுத்தாரு. "இது மனசு சரியில்லாதவங்களுக்குக் குடுக்கறதாச்சே"ன்னு மெடிக்கல்காரர் சத்தமாக் கேக்க, கடை முச்சூடும் திரும்பிப் பாத்துச்சு. வாய் வறண்டுது, காலையில எந்திரிக்க முடியல. பலன் தெரிய ரெண்டு மாசம் ஆச்சுங்க.

சோமனூர், தறிக்காரர்:

எனக்கு வலியை விட அதுக்கு முன்னாடி வர்ற கூத்துதாங்க பயம். அறுந்த இழையை முடி போடறேன், பாதி இழையைக் காணோம். அந்த எடத்துல பல்லு பல்லா ஒரு வெளிச்சம், அரிவாளாட்டம் வளைஞ்சு மினுக்கிட்டே ஓரத்துக்கு நகருது. இருவது நிமிசத்துல போயிருச்சு, பின்னாலயே மண்டையிடி. கண்ணுக் கோளாறுன்னு ரெண்டு தடவை கண்ணாடி மாத்தினேன். மூனாவது டாக்டர்தான் "ஒவ்வொரு கண்ணா மூடிப் பாத்தீங்களா?"ன்னு கேட்டாரு. எந்தக் கண்ணை மூடினாலும் தெரிஞ்சுது. அப்படின்னா இது மூளை சமாச்சாரம், இதுக்குப் பேரு "ஆரா"ன்னாரு. மூளையோட பின்பக்கம், பார்வைக்குன்னு இருக்கிற எடத்துல ஒரு அலை ஊர்ந்து போகுதாம், நிமிசத்துக்கு மூனு மில்லிமீட்டர் அளவுக்கு. தறியில நாடா பறக்கற வேகத்தையே பாத்துட்டு இருக்கிறவனுக்கு இதைக் கேட்டு சிரிப்பு வந்துருச்சு. வண்டியில போகையில வந்தா ஓரங்கட்டி புளியமரத்தடியில உக்காந்துக்குவேன். பகல்லயே குடிச்சுட்டு உக்காந்திருக்கான்னு ஒரு பேச்சு ஊருக்குள்ள ஓடுது, ஓடட்டும்.

கோபிச்செட்டிபாளையம், வீட்டுல இருக்கிறேன்:

வீசிங் இருக்கிறவங்க அதை மொதல்லயே டாக்டர்கிட்டச் சொல்லிருங்க. எனக்குத் தலைவலி வராம தடுக்கற ப்ரொப்ரனோலால் மாத்திரை எழுதப் போனவர், சொன்னதும் அது வீசிங்குக்கு ஆகாதுன்னு அடிச்சுட்டு வேற எழுதினாரு. அப்பறம், மாரியம்மன் நோம்பிக்குக் கம்பம் நட்டா வெரதம் இருப்பேன். ரெண்டாம் நாளே படுத்துருவேன். ஆத்தா சோதிக்கிறான்னு மாமியா சொல்லுவாங்க. இந்த வருசம் வேளைக்குப் பாலும் பழமும் எடுத்துக்கிட்டேன், வரல.

உடுமலை, தென்னந்தோப்பு:

எங்களுக்கு ஆடிக் காத்துதாங்க எமன். பாலக்காட்டுக் கணவாய் வழியா அடிக்க ஆரம்பிச்சா காத்தாடி சுத்தறதும் என்ர மண்டை சுத்தறதும் ஒட்டுக்கா. காத்தை எந்த மாத்திரை நிறுத்தும்?

திருப்பூர், செக்கிங்:

உடுமலை அக்கா, நானும் காத்துன்னுதான் நெனச்சுட்டு இருந்தேன். உங்களுக்குக் காத்தாவே இருக்கலாம், தாளைச் சேத்து வெச்சுப் பாருங்க. என்ர கட்டுல செவப்புத் தாளுதான் எச்சா இருந்துச்சு. ஞாயித்துக்கெழமை. சனி ராத்திரி சிப்மெண்டுக்கு ஓவர்டைம், ஞாயிறு பத்து மணி வரைக்கும் தூக்கம், காலை டீ கெடையாது, சோறு ஒரு மணிக்கு. சூப்பர்வைசர் கேட்டதுக்கு இதுதான் பதில், ஆனா அவரு இப்ப வேற கம்பெனிக்குப் போயிட்டாரு. இப்பல்லாம் ஞாயிறும் ஆறு மணிக்கே எந்திரிச்சுட்டு, டீ குடிச்சு, ரெண்டு இட்லி தின்னுட்டு வேணும்னா சித்தெ சாஞ்சுக்கறேன். "லீவு நாள்லயும் இவளுக்குத் தூக்கம் வராது"ன்னு வீட்டுல சிரிக்கிறாங்க.

இந்த மாசம் ஆணியில ஏழு தாளுங்க. செவப்பு ஒன்னே ஒன்னு.